மண்ணெண்ணெயில் ஓடிய பன்டம்

எங்கள் வீட்டு விறாந்தையில், ஐயாவின் சாய்மனைக் கதிரை இருந்த இடத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் துண்டு துண்டாகக் கிடந்தது. பார்க்க வந்தவர்களில் பலர், "இந்தத் துருப்பிடித்த சாமானைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டு ஆறுதலாக இருக்கலாமே" என்று புத்தி சொன்னார்கள். அவர்களுக்கு அவ்வேளை நான் ஒரு புன்னகையையே பதிலாகக் கொடுத்தேன். சற்று விரிவான பதிலை இங்கே எழுதிவைக்கலாம் என்று நினைக்கின்றேன்.

அது ஒரு பீ.எஸ்.ஏ. பன்டம். 125 சீ.சீ. வகையைச் சேர்ந்தது. ஐயா ஆசிரியராக இருந்த காலத்தில், 1953ஆம் ஆண்டு, சீட்டுக்காசையும் அம்மாவின் ஒரு சோடிக் காப்பையும் சேர்த்து வாங்கியது. மூன்று கியர், நாலரைக் குதிரைவலு, மணித்தியாலத்துக்கு நாற்பத்தைந்து மைல் ஓடினால் அதுவே அதன் உச்ச வேகம். எண்ணெய்த் தாங்கியில் சின்னஞ்சிறு சேவலின் படம் இருக்கும். பன்டம் என்பது குறுஞ்சாதிக் கோழிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர். எங்கள் ஊரில் அதனைச் "சேவல் மோட்டார் சைக்கிள்" என்றே அழைத்தார்கள்.

ஐயா 1984இல் காலமானார். அதற்கு முன்னரே, 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரத்தோடு வந்திறங்கிய யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பன்டத்தைத் தகரக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டன. அதனை மீண்டும் வெளியே இழுத்தவன் நான். இழுக்கவைத்தது போர்.

அந்தக் கதைக்குப் பின்னர் வருகின்றேன். முதலில், 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் எஞ்சினைப் பிரித்தபோது கண்டவற்றைச் சொல்லவேண்டும்.

பிஸ்ரன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது. பிளக் துவாரத்தினூடாக மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி, மூன்று கிழமை ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டித்தான் கழற்ற முடிந்தது. நட்டுகளைக் கழற்றுவது அடுத்த பிரச்சினை. இன்று கடைகளில் விற்கும் மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்றும் அவற்றுக்குப் பொருந்தாது. பழைய பிரித்தானிய ஸ்பானர்களில் பொறித்துள்ள அளவு நட்டின் தலையின் அகலமன்று. அந்தத் தலைக்குரிய போல்ட்டின் தண்டு விட்டம். இது தெரியாதவர் கையில் நட்டின் மூலைகள் மழுங்கிப்போகும். நல்ல வேளையாக ஐயாவின் ஸ்பானர்கள் அம்மாவின் தையல் பெட்டிக்குள் தப்பிக் கிடந்தன.

பிஸ்ரனைக் கையில் எடுத்தபோது அதன் தலை ஏறத்தாழத் தட்டையாக இருப்பதைக் கவனித்தேன். முற்கால இருவீச்சு எஞ்சின்களில் பிஸ்ரன் தலையில் ஒரு மேடு இருக்கும். உள்ளே வரும் புதிய வாயு நேரே புகைவாயிலால் வெளியேறிவிடாமல் தடுக்கும் அணை அது. ஆனால் அந்த மேடு பிஸ்ரனின் பாரத்தைக் கூட்டும், சூட்டையும் தேக்கும். அடொல்ஃப் ஷ்னூர்லே என்ற ஜேர்மன் பொறியியலாளர் இதற்கு வேறு வழி கண்டார். இரு பக்கங்களிலும் சரிவான வழிகளை அமைத்து, புதிய வாயு சிலிண்டரின் பின்சுவரை நோக்கிப் பாய்ந்து, மேலெழுந்து, சுழன்று, எரிந்த புகையைத் தள்ளிச் செல்லும்படி செய்தார். அணை தேவையற்றுப் போயிற்று. 1930களில் இந்த உரிமையை மோட்டார் சைக்கிளுக்குப் பயன்படுத்திய நிறுவனம் டீ.கே.டபிள்யூ.

பிரித்தானியாவின் பெயர் பொறித்த வண்டிக்குள் ஜேர்மனியின் மூளை எப்படி வந்தது? அங்கேதான் சரித்திரம் தொடங்குகின்றது.

ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தில் ட்சோப்பாவ் என்றொரு சிறு நகரம் உண்டு. டென்மார்க்கில் பிறந்த யோர்கன் ஸ்காஃப்தே ரஸ்முசன் அங்கே நிறுவிய தொழிற்சாலையே டீ.கே.டபிள்யூ. 1920களின் இறுதியில் உலகிலேயே மிக அதிகமான மோட்டார் சைக்கிள்களைச் செய்தது இதுதான். 1939இல் அங்கிருந்து ஆர்.டீ. 125 என்ற சிறு வண்டி வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் ஹெர்மன் வெபர். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே உறைக்குள் அடங்கிய, எளிமையான, பழுது குறைந்த வண்டி. அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. ஏழைத் தொழிலாளிக்கு ஏற்ற அந்த வண்டி ஜேர்மன் படையிலும் சேர்ந்துகொண்டது.

மறுபக்கத்தில் பேர்மிங்காம். பீ.எஸ்.ஏ. என்ற எழுத்துகளின் விரிவு பேர்மிங்காம் சிறு ஆயுதக் கம்பனி என்பதாகும். 1861இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1940 நவம்பரில் ஜேர்மன் விமானங்கள் அந்தத் தொழிற்சாலையின் மீது குண்டு வீசின. இரவு வேலையில் இருந்த தொழிலாளர்கள் 53 பேர் உயிரிழந்தனர்.

போர் முடிந்ததும் வெற்றி பெற்றவர்கள் நட்டஈடு வாங்கினார்கள். ட்சோப்பாவ் சோவியத் படைகளின் பகுதிக்குள் இருந்தது. தொழிற்சாலையின் இயந்திரங்கள் கழற்றிக் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டன. 1946இல் மொஸ்கோவில் அதே வண்டி வேறு பெயரில் வெளிவந்தது. வடிவமைப்பின் வரைபடங்கள் மேற்கு நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் 125 சீ.சீ. வண்டியை அதிலிருந்தே செய்தது. யப்பானில் யமஹா 1955இல் வெளியிட்ட முதலாவது மோட்டார் சைக்கிளான வை.ஏ. 1 அந்த வடிவத்தையே தழுவியது. பேர்மிங்காமில், குண்டுவீச்சுக்கு ஆளான அதே பீ.எஸ்.ஏ., 1948 யூனில் பன்டத்தை அறிமுகப்படுத்தியது. ஜேர்மன் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி, பிரித்தானிய வழக்கப்படி கியர் மிதியை வலது காலுக்குக் கொண்டுவந்து, அளவுகளை அங்குலத்துக்கு மாற்றினார்கள். மற்றும்படி அது ஹெர்மன் வெபரின் வண்டியே.

வெபர்? அவரையும் இயந்திரங்களோடு சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுபோனார்கள். பன்டம் பிறந்த அதே 1948இல் அவர் அங்கேயே இறந்துபோனார். நான்கு நாடுகளில் பிள்ளைகள் வளர, தகப்பன் அந்நிய மண்ணில் முடிந்துபோனான். எந்த வண்டியின் தாங்கியிலும் அவருடைய பெயர் இல்லை.

இனி எங்கள் போர்.

1990 யூனில் சண்டை மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது, ரயில் நின்றது, பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. கடத்தி வந்த பெற்றோலை மருந்து வாங்குவதுபோல் சிறு போத்தல்களில் வாங்கினோம். சனங்கள் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். மோட்டார் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெய்க்குத் திரும்பினார்கள். அப்போது நான் பத்திரிகை ஒன்றின் செய்தியாளன். பத்திரிகைகள் கொப்பித் தாளிலும் கிடைத்த வர்ணத் தாளிலும் அச்சாகிய காலம் அது. குண்டு விழுந்த இடத்துக்குச் சைக்கிளில் போய்த் திரும்புவதற்குள் பத்திரிகை அச்சேறிவிடும். ஆகவே கொட்டிலைத் திறந்தேன்.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயில் தீப்பற்றத்தக்க ஆவி எழ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். எனவே குளிர்ந்த எஞ்சினைப் பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எங்கள் ஊர்க் கராஜ்காரர் ஹான்டிலில் ஒரு கம்பிக் கொளுக்கி ஒட்டி, அதில் மருந்துப் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டு, சேலைன் குழாயால் காபரேற்றரோடு இணைத்தார். போத்தலில் இரண்டு விரற்கடைப் பெற்றோல். தாங்கி நிறைய மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் அதிக அழுத்தத்தைத் தாங்காது, எஞ்சின் இடிக்கும். அதற்காகச் செப்புக் குடமொன்றின் தகட்டிலிருந்து வளையமொன்றை வெட்டிச் சிலிண்டர் தலைக்கு அடியில் வைத்து அழுத்தத்தைக் குறைத்தார். "தம்பி, இது ஐயா ஓடின மாதிரி ஓடாது. ஆனா, ஓடும்" என்றார். ஓடியது. பின்னால் வெள்ளைப் புகை ஒரு முகிலாக எழும். ஐந்து ஆண்டுகள் அதிலேயே செய்தி சேகரித்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. செம்மணி வீதியில் மனிதர் நிற்கவே இடமில்லை. வண்டியை உருட்டவும் வழியில்லை. வயோதிபத் தாயை ஒரு சைக்கிளில் இருத்தித் தள்ளவேண்டியிருந்தது. புறப்படுமுன் நான் செய்தது ஒன்றுதான்: காபரேற்றரைக் கழற்றித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அது இல்லாமல் ஒருவரும் வண்டியை ஓட்டிப்போக முடியாது, ஒரு கிழமையில் திரும்பிவிடுவேன் என்பது என் கணக்கு. காணி உறுதியை எடுக்க மறந்தேன். அம்மாவின் கலியாணப் படத்தை எடுக்க மறந்தேன். அந்தப் பித்தளைத் துண்டு சாவகச்சேரிக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் என்னோடு அலைந்தது. அம்மா கொழும்பில் வாடகை அறையொன்றில் கண்மூடினார். நான் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறியது 2011இல். வளவின் வேலியோரம் பன்டம் சில்லுகள் இல்லாமல், மக்காட் இல்லாமல், கொவ்வைக்கொடி படர்ந்து கிடந்தது. எஞ்சினை ஒருவரும் தொடவில்லை.

திருத்தும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கின்றேன். புகைவாயிலில் மண்ணெண்ணெய்க் கரி அரைவாசி வழியை அடைத்திருந்தது. உலோகம் கீறுப்படாமல் மூங்கில் குச்சியால் சுரண்டினேன். இருவீச்சு எஞ்சினின் அடிப்பெட்டி காற்றிறுக்கமாக இருந்தால்தான் அது மூச்சுவிடும். தண்டின் இரு பக்கத்து இறப்பர் வளையங்களும் கல்லாகியிருந்தபடியால் புதியன போட்டேன். சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்ரன் பொருத்தினேன். 1971இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இன்றும் பிரித்தானியாவில் உதிரிப்பாகங்கள் செய்கின்றார்கள். லண்டனில் இருக்கும் என் மருமகன் அவற்றை வாங்கி அனுப்பினான். கூடவே அக்காலத்து இளம்பச்சைப் பூச்சின் சரியான சாயலையும் தேடி எழுதினான்.

அவனோடுதான் ஒரு வழக்கு வந்தது. படங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில், "மாமா, அந்தக் கொளுக்கியை அரத்தால் ராவி எடுத்துவிடுங்கோ. செப்பு வளையத்தையும் எறியுங்கோ. அது கொம்பனி போட்டதில்லைத்தானே" என்றான். வண்டிகளைத் திருத்துவோரின் சட்டப்படி அவன் சொன்னது சரி. தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலையே மூல நிலை. பின்னர் வந்ததெல்லாம் அழுக்கு.

இரண்டு நாட்கள் யோசித்தேன். எந்த நாள் மூல நாள்? 1953இல் ஐயா அதனைக் கொண்டுவந்த நாளா? அப்படியானால் அந்த மூலமும் ஒரு திருப்பிய படமே. அதற்கும் முந்திய மூலம் ட்சோப்பாவில், பெயரழிந்த ஒரு மனிதரின் மேசையில் இருக்கின்றது. பேர்மிங்காம்காரர் வெபரின் பெயரை அழித்ததுபோல், நானும் எங்கள் கராஜ்காரரின் கைவேலையை அழிக்கவா? அவர் இன்று இல்லை. இடப்பெயர்வுக்குப் பின் அவருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்டறிந்த எல்லா இடத்திலும் ஒரே மௌனம்தான். அவர் இவ்வுலகில் விட்டுச்சென்றவற்றுள் என் கைக்கு எட்டியவை ஒரு கம்பிக் கொளுக்கியும் ஒரு செப்பு வளையமுமே.

ஆகவே பச்சை பூசினேன், கொளுக்கியை விட்டேன். பெற்றோலில் ஓடும் எஞ்சினுக்கு வளையம் தேவையில்லை. வலுவைக் கொஞ்சம் குறைக்கும். இருக்கட்டும் என்று அதனையும் துலக்கித் திரும்ப வைத்தேன். மருமகன் சில நாள் பேசவில்லை. பிறகு, "சரி மாமா, உங்கட வண்டிதானே" என்று எழுதினான்.

வேலை முடிந்தது 2022 ஓகஸ்டில். வாசகர்களுக்கு அந்த மாதத்தை நினைவூட்டத் தேவையில்லை. நாடு முழுவதும் எரிபொருள் வரிசை, கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். வரிப்பத்திரம் இல்லாத என் பன்டத்துக்கு அட்டையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் தன் நாலு லீற்றரிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்தான். தாங்கியில் ஊற்றினால் அடியிலேயே படிந்துவிடும் அளவு. அவனுக்கு யோசனை. எனக்கு யோசனை இல்லை. எண்ணெய் கலந்து, மருந்துப் போத்தலில் ஊற்றி, அந்தக் கொளுக்கியில் தொங்கவிட்டேன். இருபத்தேழு ஆண்டுகள் என்னோடு அலைந்த காபரேற்றரோடு குழாயை இணைத்தேன்.

ஆறாவது உதையில் பிடித்தது.

போத்தல் வற்றும்வரை ஏழெட்டு நிமிடங்கள் அது ஓடியிருக்கும். "எப்படி அங்கிள் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று அவன் கேட்டான். கண்டுபிடித்தவன் நானல்ல என்று சொல்லி, கராஜ்காரரின் பெயரை அவனுக்குச் சொன்னேன். அவன் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொன்னான்.