விண்டோஸ் 10 போனால் லேப்டாப்பும் போகணுமா? வீட்டுக் கணினியில் வேறு இயங்குதளம்: தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் 2016, 2017 வாக்கில் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறதா? திரை நன்றாக இருக்கும், கீபோர்டு நன்றாக இருக்கும், பேட்டரி மட்டும் கொஞ்சம் சோர்ந்திருக்கும். அந்தக் கணினிக்குத்தான் இப்போது சிக்கல். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. கணினி நின்றுவிடாது, அது பாட்டுக்கு ஓடும். ஆனால் புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் மேம்பாடு தானாக வந்து சேராது.

சரி, விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இருக்கக்கூடாது. 2017க்கு முன் வாங்கிய பல கணினிகள் இங்கேயே தோற்றுவிடும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு மேம்பாடுகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

தங்காக் மாதிரி ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அண்ணன் எஸ்பிஎம் முடித்ததும் லேப்டாப் தங்கைக்குக் கைமாறும் வீடுகள் ஜொகூரின் இந்த வடகோடியில் நிறைய. “பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடு” என்று சொல்வது சுலபம். ஆயிரத்துக்கு மேல் ரிங்கிட்டை எடுத்து வைப்பது யார்?

உண்மையில் பழசாகிப் போனது பெட்டி இல்லை, அதற்குள் ஓடும் மென்பொருளுக்கான ஆதரவுதான். அதை மாற்றினால் போதுமா என்பதுதான் கேள்வி.

முதலில், அவசரம் இல்லை

மாற்றத்தைப் பற்றி யோசிக்க ஓர் ஆண்டு இடைவெளி கிடைத்திருக்கிறது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் வழங்குகிறது. இதற்கு 30 அமெரிக்க டாலர் கட்டலாம். இல்லையென்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அங்கே சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அமைப்புகள் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் இதற்கான இணைப்பு இருக்கும். வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். ஆற அமர யோசிக்க நேரம் கிடைக்கும்.

இயங்குதளம் என்றால் என்ன?

கணினியின் இரும்புக்கும் நீங்கள் திறக்கும் செயலிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மேலாளர்தான் இயங்குதளம். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், கோப்பு எங்கே போய் உட்காரணும், வைஃபையோடு யார் பேசணும் என்று முடிவு செய்வது அதுதான். கடையில் வாங்கும்போது விண்டோஸ் உள்ளேயே இருப்பதால், அதுதான் கணினி என்று நமக்குப் பழகிவிட்டது.

மாற்று என்று பார்த்தால் ஆப்பிளின் மேக் இயங்குதளம் நமக்கு உதவாது. ஆப்பிள் தயாரிப்புகளில் மட்டுமே அதை நிறுவ அதன் உரிமம் இடம் தருகிறது. கூகளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இலவசம். இணையத்தில் மட்டுமே வேலை என்றால் அது போதும். ஆனால் ஃபோனில் இருக்கும் பிளே ஸ்டோர் செயலிகள் அதில் வராது. நிறுவினால் வட்டில் இருக்கும் அனைத்தையும் துடைத்துவிட்டுத்தான் உட்காரும்.

மிச்சம் இருப்பது லினக்ஸ். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய வேலை இது. இன்று இணையச் சேவையகங்களில் பெரும்பகுதி இதில்தான் ஓடுகிறது. “எனக்கு லினக்ஸ் தெரியாதே” என்று சொல்லும் நீங்கள் ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருந்தால், அதன் கருவும் லினக்ஸ்தான். கணினிக்கு உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மிண்ட் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. விண்டோஸில் பழகிய கைக்கு லினக்ஸ் மிண்ட் பொருந்தும் என்பது என் கணிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என எல்லாம் எதிர்பார்த்த இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி நினைவகம் இருந்தால் ஓடும், 8 ஜிபி இருந்தால் நன்றாகவே ஓடும்.

இந்த யோசனை புதுசா?

இல்லை. மலேசிய அரசாங்கம் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004லேயே மாம்பு வழியாக அறிவித்தது. அதே ஆண்டில்தான் மைக்ரோசாஃப்ட் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கென்று விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்ற மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்தது. மலிவு விலைக் கணினிகளில் லினக்ஸ் வரத் தொடங்கியிருந்த நேரம் அது. அந்தப் பதிப்பில் ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்க முடியாது. நான்காவதைத் திறக்க ஒன்றை மூட வேண்டும். கைகட்டிய விண்டோஸ் அது.

தமிழ்நாட்டில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. அரசு நிறுவனமான எல்காட், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பிறகு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், ஒரே லேப்டாப்பில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது இந்தியாவின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. ஆக, ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள் என்பது கணினி மேதைகளின் விளையாட்டு இல்லை. ப்ளஸ் டூ மாணவர்கள் பையில் சுமந்துபோன விஷயம்.

நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்

இது பலருக்குத் தெரிவதில்லை. லினக்ஸை பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். கணினியில் இருக்கும் விண்டோஸுக்கோ உங்கள் கோப்புகளுக்கோ ஒன்றும் ஆகாது.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பவை அழிந்துவிடும், அதனால் காலியான ஒன்றை எடுங்கள். மிண்டின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும், ஃபோன் டேட்டாவில் இறக்காதீர்கள். ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் என்ற சிறு மென்பொருள் அதை பென்டிரைவில் எழுதித் தரும். சும்மா நகலெடுத்து ஒட்டினால் வேலை செய்யாது.

பிறகு கணினியை அணைத்து, திரும்ப முடுக்கும்போது ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு மூன்று நிமிடத்தில் லினக்ஸ் திரை வந்துவிடும். பென்டிரைவின் வேகம் குறைவு என்பதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்த நேரத்தில் சோதிக்க வேண்டியது அழகை இல்லை. வைஃபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா? கேமரா, டச்பேட், திரை வெளிச்சம் சரியாக இருக்கின்றனவா? பிரிண்டரைச் செருகினால் அடையாளம் தெரிகிறதா? வைஃபை பிடிக்கவில்லை என்றால், ஃபோனை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்துப் பாருங்கள். தேவையான இயக்கியைப் பெரும்பாலும் மிண்டே தேடிக் கொடுத்துவிடும்.

தமிழ் வருமா?

படிப்பதற்குப் பிரச்சினையே இல்லை. யூனிகோடு எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் தமிழ் விசைப்பலகைகளைச் சேர்க்க வேண்டும். தமிழ்99 இருக்கிறது. ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் பெறும் முறையும் இருக்கிறது. மலேசியாவில் நம்மில் பலருக்கு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல்தான் கைப்பழக்கம். 1985இல் இங்கே பிறந்த மென்பொருள் அது. அஞ்சல் பழகிய கைக்கு லினக்ஸின் ஒலிபெயர்ப்பு முறை நெருக்கமாக இருக்கும், ஆனால் சில எழுத்துகள் வேறு விசையில் உட்கார்ந்திருக்கும். இரண்டு நாள் கை தடுமாறும்.

பெரிய தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. யூனிகோடு வருவதற்கு முன் அடித்த பழைய ஆவணங்கள். கோயில் கணக்கு, சங்கக் கூட்டக் குறிப்பு, தாத்தா எழுதிய கட்டுரை என்று ஏதாவது ஒரு கோப்புறையில் கிடக்கும். அவை அந்தக்கால எழுத்துருவை நம்பி நிற்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். விண்டோஸ் இன்னும் கையில் இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள், குறைந்தது பிடிஎஃப் ஆகவாவது சேமியுங்கள். விண்டோஸ் போன பிறகு இந்த வேலை இரண்டு மடங்காகும்.

எது ஓடும், எது ஓடாது?

உலாவியில் செய்யும் வேலை எல்லாம் அப்படியே ஓடும். டெலிமா, வருமான வரிக்கான மைடாக்ஸ், வங்கி இணையத்தளங்கள், கூகள் மீட், வாட்ஸ்அப் வெப் என எதிலும் வித்தியாசம் தெரியாது. ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் கணினிப் பதிப்பு வராது. லிப்ரே ஆஃபிஸ் அந்தக் கோப்புகளைத் திறக்கும், ஆனால் அட்டவணையும் படமும் சில நேரம் நகர்ந்துவிடும். பள்ளிக்கு அனுப்பும் ஃபோலியோவை பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது நல்லது. ஃபோட்டோஷாப் வராது. விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டீமில் உள்ள ஏராளமான விளையாட்டுகள் ஓடும், ஆனால் வாலரண்ட் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை.

தங்காக் துணிக்கடைகளுக்குப் பெயர்போன ஊர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் அக்கவுண்ட் போன்ற கணக்கு மென்பொருள் ஓடும் கடைக் கணினியில் லினக்ஸ் பரிசோதனை வேண்டாம். அவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. வீட்டு லேப்டாப் வேறு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கணினி வேறு.

நிறுவும்போது எங்கே கை சுடும்?

ஓட்டிப் பார்த்தாயிற்று, பிடித்திருக்கிறது என்றால் இரண்டு வழிகள். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை மட்டும் வைக்கலாம். அல்லது இரண்டையும் ஒரே வட்டில் வைத்து, முடுக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது வழி பாதுகாப்பானது மாதிரி தெரியும். உண்மையில் அதில்தான் சிக்கல் அதிகம். வட்டைப் பிரிக்கும்போது ஒரு தவறான தேர்வு போதும், பத்து வருடப் படங்கள் போய்விடும். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் மேம்பாடு, இப்படி இரண்டும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸை முடுக்கவிடாமல் செய்துவிட்டது.

எந்த வழியானாலும் தொடங்குவதற்கு முன் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளிவட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பாருங்கள். அடுத்தது மறையாக்கம். பல லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே வட்டு பூட்டப்பட்டிருக்கும். முடுக்கும் அமைப்பில் கை வைத்ததும், 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு விண்டோஸ் நின்றுவிடலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று முன்பே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். இரண்டு இயங்குதளங்களும் வைப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியையும் அணைக்க வேண்டும்.

நான் சிபாரிசு செய்வது மூன்றாவது வழி. பழைய லேப்டாப் மெதுவாக இருப்பதற்குப் பாதி காரணம் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி வட்டைப் போட்டு, அதில் லினக்ஸை நிறுவுங்கள். பல பழைய மாடல்களில் நான்கைந்து திருகாணிதான். தெரியாது என்றால் பழுதுபார்க்கும் கடையில் கொடுக்கலாம். வேகமும் கூடும், விண்டோஸும் படங்களும் உள்ள பழைய வட்டு தொடப்படாமல் அலமாரியில் இருக்கும். லினக்ஸ் ஒத்துவரவில்லையா? பழைய வட்டைத் திரும்ப மாட்டினால் பழைய கணினி.

இரண்டும் வைத்தவர்கள் ஒருநாள் விண்டோஸைத் திறந்து, கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் நிற்பதைப் பார்த்துப் பதறுவார்கள். வைரஸ் இல்லை. லினக்ஸ் கணினியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். மலேசியா 8 மணி நேரம் முன்னால் இருப்பதால்தான் அந்த இடைவெளி. உள்ளூர் நேரத்தையே பயன்படுத்து என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

எதுவுமே சரிவரவில்லை, கணினியைக் கழிக்கத்தான் வேண்டும் என்றாலும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மலேசியச் சட்டத்தில் மின்னணுக் கழிவு, எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டின் கீழ் வரும் அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.