பருத்தியும் ஸ்பேக்னமும்: முதல் உலகப் போர்க் காயக்கட்டின் வரலாறு

முதல் உலகப் போர் 1914இல் மூண்டபோது, பிரிட்டன் பஞ்சை இரு முனைகளில் செலவிட வேண்டியிருந்தது. காயங்களில் கசியும் குருதியையும் சீழையும் உறிஞ்சுவதற்கு மருத்துவமனைகள் அதை நாடின. நைட்ரிக் அமிலத்தைக் கொண்டு பஞ்சிலிருந்து செய்யப்படும் வெடிபஞ்சு, குண்டுகளைச் செலுத்தும் புகையில்லா வெடிமருந்துக்கு மூலப்பொருளாக இருந்தமையால் ஆயுதச் சாலைகளும் அதையே கேட்டன.

இந்நெருக்கடியில், எடின்பரோ அறுவை மருத்துவர் சார்லஸ் காத்கார்ட்டும் தாவரவியலாளர் ஐசக் பெய்லி பால்ஃபரும், சதுப்பு நிலங்களில் மெத்தைபோல் அடர்ந்து வளரும் ஸ்பேக்னம் என்னும் மாஸ் வகைத் தாவரத்தைப் பயன்படுத்தலாம் என 1914 இறுதியில் நாளிதழ் வழியே எடுத்துரைத்தனர். ஜெர்மன் மருத்துவர்கள் 1880களிலேயே அதைக் காயங்களுக்குக் கட்டியிருந்தனர்.

பருத்தி பூத்துக் காய்த்து விதை தரும் செடி. அதன் விதைத்தோலின் மேற்புறச் செல்களில் பல தனித்தனியே நீண்டு வளர்ந்து இழையாவதே பஞ்சு. ஸ்பேக்னத்திற்குப் பூவும் விதையும் இல்லை, உண்மையான வேரும் இல்லை; ஸ்போர்கள் எனப்படும் நுண்ணிய இனப்பெருக்கத் துகள்களால் அது பரவுகிறது. ஆயினும் அதன் இலையில், உயிருள்ள குறுகிய பச்சைச் செல்களுக்கிடையே, உயிரற்று உள்ளீடற்ற பெரிய செல்கள் சுவர்த் துளைகளோடு அமைந்திருப்பதால், உலர்ந்த பின்னரும் அது தன் எடையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு நீர்மத்தை ஏற்கும். பஞ்சு ஏற்பதோ ஐந்தாறு மடங்கே. மேலும், ஸ்பேக்னத்தின் செல்சுவர்கள் சுற்றியுள்ள நீரை அமிலத்தன்மை அடையச் செய்வதால் பாக்டீரியாக்களின் பெருக்கமும் தடைப்படுகிறது.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்தின் டார்ட்மூர் ஆகிய இடங்களின் சதுப்புகளில் பெண்களும் சிறுவர்களும் இதைச் சேகரித்து, குச்சிகளையும் புல்லையும் கையால் நீக்கி, உலர்த்தி, மெல்லிய துணிப்பைகளில் அடைத்தனர். பிரிட்டிஷ் போர் அலுவலகம் 1916இல் ஒப்புதல் அளித்தது; 1918இல் மாதத்திற்குச் சுமார் பத்து லட்சம் கட்டுகள் அனுப்பப்பட்டன.

போர் முடிந்ததும், தன்னார்வலர் உழைப்பையே நம்பியிருந்த இத்தொழில் தளர்ந்தது. வயலில் பயிராகி ஆலையில் பதப்படுத்தப்படும் பஞ்சு மீண்டும் இடம்பிடித்தது. உறிஞ்சும் ஆற்றலில் ஸ்பேக்னம் தோற்கவில்லை. பருத்திக்குப் பின்னே நின்ற வேளாண்மையும் ஆலைத்தொழிலும் வணிகமும் அதற்கு வாய்க்கவில்லை. ஆகவே, ஒரு தாவரம் மருத்துவப் பொருளாக நிலைபெறுவதை அதன் இயல்பு மட்டுமன்றி, அதைச் சுற்றி எழுந்த தொழிலமைப்பும் தீர்மானிக்கிறது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.