மானிங்கின் 'என்': ஓர் எழுத்தின் கதை

நம் கல்லூரி ஹைட்ராலிக்ஸ் லேபை மறந்தவர் சிவில் மாணவரே அல்ல! கண்ணாடிச் சுவர் வைத்த அந்த ஃப்ளூமில் சேறும் கிடையாது, புல்லும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, மானிங் சூத்திரத்தில் வரும் 'என்' என்பது அட்டவணையைப் பார்த்துப் போடவேண்டிய ஓர் எண், அவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மண் வாய்க்காலுக்கு 0.025 என்று போட்டு டிசைன் முடித்தேன். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், தலைப்பில் கரை வழிகிறது. கடைமடையில் வயல் வெடித்துக் கிடக்கிறது. அங்கிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, உள்ள எறங்கிப் பாருங்க. கோரையும் காட்டாமணக்கும் மண்டிக் கெடக்கு. அப்பறம் எங்கேர்ந்து தண்ணி வரும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அன்றிரவு வென் தே சௌ 1959இல் எழுதிய புத்தகத்தைத் திறந்தேன். தண்ணீர் மட்டம்வரை செடி அடர்ந்த, பராமரிப்பில்லாத வாய்க்காலுக்கு 0.080 என்று இருந்தது. அதாவது, அதே ஆழத்தில், அதே சரிவில், நான் கணக்குப் போட்ட தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாது!

பிறகுதான் இந்த எழுத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 'என்' மானிங் வைத்ததே அல்ல. 1869இல் காங்கியே, குட்டர் என்ற இரு ஸ்விஸ் பொறியாளர்கள் தந்தது. அயர்லாந்துக்காரரான மானிங் தம் சூத்திரத்தை 1889இல் முன்வைத்த பிறகு, மற்றவர்கள் இரண்டையும் சேர்த்துவைத்தார்கள்.

அடுத்த அத்தியாயம் நம் நாட்டில். பஞ்சாபின் அப்பர் பாரி தோவாப் கால்வாயில், பல்லாண்டுகளாக வண்டல் படியாமலும் படுகை அரிக்காமலும் நிலைத்திருந்த இடங்களை ஆர்.ஜி. கென்னடி அளந்து பார்த்தார். படுகையிலிருந்து மேலே கிளம்பும் சுழல்கள்தாம் வண்டலைத் தூக்கிச் செல்கின்றன என்று 1895இல் எழுதினார். ஆழம் கூடினால் வேகமும் கூடவேண்டும். இல்லாவிட்டால் வண்டல் படிந்துவிடும். சுழல்கள் அடியில் மட்டுமல்ல, கரையோரத்திலும் பிறக்கின்றன என்று 1930இல் லேசி திருத்தினார். நாம் டர்புலன்ஸ் என்று பரீட்சைக்குப் படித்தது, அவர்களுக்கு வாய்க்காலின் உயிர்.

புல்லின் கதை அமெரிக்காவில். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் 1930களில் புல் வளர்த்த வாய்க்கால்களில் தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். ரீ, பாமர் இருவரும் 1949இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மெல்ல ஓடும் தண்ணீரைப் புல் நிமிர்ந்து நின்று மறிக்கும். வேகமும் ஆழமும் கூடினால் படுத்துக்கொள்ளும், 'என்' குறைந்துவிடும். ஆக, அது மாறாத எண்ணே அல்ல!

என் வாய்க்காலில் நடந்ததும் இப்போது புரிந்தது. செடிகளின் நுனிக்கு மேலே தண்ணீர் சுழன்று ஓடும். தண்டுகளுக்கு நடுவே வேகம் செத்துவிடும். அங்கே வண்டல் படியும். படிந்த வண்டலில் இன்னும் செடி முளைக்கும். ஒன்றுக்கொன்று துணை!

இன்று களையெடுப்புக்கும் தூர்வாருவதற்கும் வழி சொல்லாத எந்த டிசைனிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அட்டவணையைத் திறக்குமுன் ஒருமுறை வாய்க்காலில் இறங்குங்கள். கடைமடையில் நிற்பவருக்கு நம் 'என்' தெரியாது. தண்ணீர் வந்ததா இல்லையா என்பதுதான் தெரியும்.