மருந்து என்னும் சொல்: கெடா தோட்டங்களில் களைக்கொல்லியும் தொழில்வழி நுரையீரல் நோயும்

கடாரம் என்றதும் தமிழ் ஆய்வாளர் நினைவில் முதலில் எழுவன இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பும் பூஜாங் பள்ளத்தாக்கின் சிதைவுகளுமே. அப்பள்ளத்தாக்கை ஒட்டிய செமிலிங், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில், 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமிடமிருந்து ஆங்கிலேயர் மேலாண்மைக்கு மாறிய பின்னர், ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் குடியேற்றம், கூலி, கள், பள்ளி ஆகியன குறித்து ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அங்கு உழைத்தோரின் மூச்சைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

தொழில்வழி நுரையீரல் நோய்களுள் உலகம் நன்கறிந்தது கல்நார்த் தூசியால் விளைவது. இங்கிலாந்தின் ராச்டேல் நகர ஆலையில் பணிபுரிந்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924இல் மாண்டார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக் அவ்வாண்டே அதனை வெளியிட்டார்; 1927இல் அந்நோய் தனிப்பெயருடன் மருத்துவ இதழில் இடம்பெற்றது; 1931இல் அந்நாட்டில் கல்நார்த் தொழிலுக்கான விதிகள் வந்தன. மலேசியாவில் 1986இல் அத்தகைய விதிகள் இயற்றப்பட்டன. தூசிக்கும் பெயருண்டு, நோய்க்கும் பெயருண்டு, சட்டமும் உண்டு.

தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கு நஞ்சுக்கு வழங்கிய பெயரே ‘மருந்து’. மண்வெட்டியால் களைந்த லாலான் புல்லைக் கொல்ல முதலில் வந்தது ஆர்சனிக் சேர்ந்த சோடியம் ஆர்சனைட்டு. 1960களில் அதனிடத்தைப் பாராகுவாட் பிடித்தது. ‘கிராமொக்சோன்’ என்னும் வணிகப் பெயரால் 1962இல் சந்தைக்கு வந்த களைக்கொல்லி அது. எதைத் தெளித்தாலும் தோட்டத் தமிழில் அது ‘மருந்தடித்தல்’தான். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல் வழங்கியதை வெறும் சொல்லாட்சியாகக் கடந்துவிட இயலவில்லை. 1946–47இல் ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் கெடா தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்துத் திரண்டனர். கள்ளுக்கடைக்கு ஒரு வாசல் இருந்தது. அங்கு மறியல் செய்ய முடிந்தது. முதுகில் தாமே சுமந்த தெளிப்பானை எங்கு நின்று மறிப்பது?

பாராகுவாட் உடலுக்குள் புகுந்தால் நுரையீரலையே நாடிச் சேர்கிறது. மூச்சுச் சிற்றறைகளின் உயிரணுக்கள் அதனை உள்ளிழுத்துக் கொள்கின்றன. அங்கே அது உயிர்வளியோடு வினைபுரிந்து திசுவை அழிக்கிறது. அழிந்த இடம் தழும்பேறி இறுகுகிறது. இதற்கு மாற்றுமருந்து இல்லை. விழுங்கியோர் இறப்பது நன்கறிந்த செய்தி. புண்பட்ட தோல் வழியாகப் புகுந்தும் உயிரிழப்பு நேர்ந்துள்ளது. தெளிப்போரிடம் நாள்தோறும் காணப்படுவன மூக்கில் இரத்தம் வடிதல், நகம் நிறம் மாறி உதிர்தல், தோல் எரிச்சல் போன்றவை.

ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகப் படிந்தால் நுரையீரல் கெடுமா என்பதே விவாதத்திற்குரியது. 1981இல் பிரித்தானியத் தொழில் மருத்துவ இதழில் ஹோவர்ட், சபாபதி, வைட்ஹெட் ஆகிய மூவரும் மலேசியத் தோட்டத் தெளிப்பாளர் குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். தெளிப்போருக்கும் ஏனையோருக்கும் நுரையீரல் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்பது அதன் முடிவு. ஹோவர்ட் அக்களைக்கொல்லியைத் தயாரித்த நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதை மறத்தலாகாது. எனினும் அதனால் மட்டும் ஆய்வைத் தள்ளுவது முறையன்று. எம் ஐயம் வேறு. பணியில் இருப்போரை மட்டும் அளந்தால், இயலாமையால் பணியை விட்டு நீங்கியவர் கணக்கில் வாரார். கல்நார் நோய் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது; ஆலையில் நிற்பவரை மட்டும் சோதித்திருந்தால் அதுவும் பெருமளவு தப்பியிருக்கும். அவ்வாய்வின் ஆங்கிலத் தலைப்பில் தெளிப்பாளரைக் குறிக்கும் சொல் ஆண்பாற்சொல் என்பதும் கருதத்தக்கது. ரப்பர் அழிந்து செம்பனை பரவியபோது ஆண்கள் குலை வெட்டினர். மருந்தடிப்பும் உரமிடலும் பெரிதும் பெண்கள் மீதே விழுந்தன.

அப்பெண்களின் வாய்மொழியை ஏட்டில் ஏற்றிய பெருமை தெனாகனித்தா அமைப்புக்கு உரியது. அதனை 1991இல் நிறுவிய ஐரீன் பெர்னாண்டஸ் 1946இல் சுங்கைப்பட்டாணியில், தோட்டக் கண்காணிப்பாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். தோட்டங்களில் பூச்சிக்கொல்லி நஞ்சேறல் குறித்த அதன் ஆய்வறிக்கை 2002இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்க முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 ஜனவரி முதல் நாளன்றே நடப்புக்கு வந்தது. ஐரீன் 2014இல் மறைந்தார்; தடையைக் காணவில்லை.

தடை வந்தபோது, தெளித்த தலைமுறையினர் பலர் தோட்டத்திலேயே இல்லை. நிலங்கள் கைமாறின, சுங்கைப்பட்டாணியைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன, கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்து டிரசர் இருமலுக்கு என்ன எழுதிவைத்தார் என்பதை அறிய அவருடைய குறிப்பேடு வேண்டும். மருந்தகமே இடிந்த இடத்தில் ஏட்டைத் தேடுவது எளிதன்று. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில்வழி நோய்களுக்கு இழப்பீடு வழங்க இடமளிக்கிறது. எனினும் குத்தகையாளரிடம் நாட்கூலிக்கு மருந்தடித்தவர், தாம் அடித்ததை எந்தச் சீட்டைக் காட்டி மெய்ப்பிப்பார்?

ஆகவே வாய்மொழி வரலாறே எஞ்சியுள்ள வழி. கெடா நகரங்களில் பிள்ளைகளோடு வாழும் முதிய பெண்களிடம் செல்லும் மாணவர், என்ன நோய் என்று தொடங்குதல் வேண்டா. எந்த ஆண்டு முதல் மருந்தடித்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் போதும். மூன்றாவது கேள்வியைத்தான் 1981இல் எவரும் கேட்கவில்லை.