மலை உச்சியும் ஆற்றங்கரையும்

'மந்திரி குமாரி' 1950இல் வந்த படம். நான் அதைப் பார்த்தபோது அதற்கு இருபத்தைந்து வயது, எனக்கு எட்டு. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் டெண்ட் கொட்டாயில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் அம்மாயி என்னை உட்கார வைத்தாள். ஐந்து வருடம் கழித்துச் சேலத்தில், நாற்காலி போட்ட தியேட்டரில், அம்மாவோடு 'உதிரிப்பூக்கள்' பார்த்தேன். இரண்டிலும் முடிவில் ஒரு கெட்ட புருஷன் சாகிறான். ஒருவனை மனைவி மலையிலிருந்து தள்ளுகிறாள். இன்னொருவனை ஊரே சேர்ந்து ஆற்றில் இறக்குகிறது. முதல் சாவுக்குக் கை தட்டினேன். இரண்டாவதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மாயிக்கு 'மந்திரி குமாரி' சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி. அதை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் ஏற்காடு போகும் சாலையில் இருந்தது. அதை 1935இல் தொடங்கிய டி.ஆர்.சுந்தரத்தின் பெயரில் முதல் எழுத்தே திருச்செங்கோடுதான். லீட்ஸ் வரை போய் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்தவர், நூற்றுக்கும் மேல் படம் எடுத்தார். தறி ஓட்டும் ஊர்க்காரர்களுக்கு இது சின்னப் பெருமையா? எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கத்தைத் தொடங்க, சுந்தரம் முடித்து வைத்த படம் அது. வசனம் கருணாநிதி, வீரமோகனாக எம்.ஜி.ஆர்.

ஆனால் கொட்டாய் காத்திருந்தது எம்.ஜி.ஆருக்காக இல்லை, அந்த மலைப் பாட்டுக்காக. ராஜகுருவின் மகன் பார்த்திபனாக எஸ்.ஏ.நடராஜன், அவனை நம்பிக் கட்டிக்கொண்ட அமுதவல்லியாக மாதுரி தேவி. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, அவளைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே மேலே போகிறான். எதற்கென்று எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. உச்சிக்குப் போனதும் சொல்லிவிடுகிறான். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். சுற்ற ஆரம்பித்தாள், பிலிம் அறுந்தது.

இருட்டில் அன்றைக்குக் கேட்ட சத்தத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை. ஆண்கள் பக்கம் ஒரே விசில். பெண்கள் பக்கத்திலிருந்து, "தள்ளுடி! தள்ளிப்போடுடி!" என்று இல்லாத படத்தைப் பார்த்துக் கத்தினார்கள். அதில் பாதிப் பேர் ஏற்கெனவே படம் பார்த்தவர்கள், அம்மாயி உட்பட. ஆபரேட்டர் ஒட்டிப் போட்டார். அவள் தள்ளினாள். அம்மாயி எழுந்து நின்று, "வேணும்டா உனக்கு" என்று முந்தானையை உதறிவிட்டு உட்கார்ந்தாள். படம் அதற்கப்புறமும் ஓடியது. அவளுக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

கதை குண்டலகேசியில் இருந்து வந்தது என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முழுதாக நமக்குக் கிடைக்காமல் போன காப்பியத்தின் அந்த ஒரு காட்சி, எழுதப் படிக்கத் தெரியாத கிழவி வாயில் வசவாக உயிரோடு இருந்தது.

'உதிரிப்பூக்க'ளுக்கும் வேர் எழுத்தில்தான். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டுப் படம் பார்த்தால் வேறு கதை மாதிரி இருக்கும். இயக்குநர் மகேந்திரன் அதிலிருந்து தாயில்லாப் பிள்ளைகளின் தவிப்பை எடுத்துக்கொண்டு மற்றதைத் தானே கட்டினார் என்பது என் எண்ணம். 'தங்கப்பதக்க'த்துக்கு வசனம் எழுதியவர், தன் படத்தில் பேச்சை இவ்வளவு குறைத்தார். 'மந்திரி குமாரி'யில் எவனும் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாமல் நகர மாட்டான். இதில் மனைவி லட்சுமியாக வரும் அஸ்வினி பாதி நேரம் பார்ப்பதோடு சரி. அந்தப் பார்வையை அசோக்குமாரின் கேமரா அவசரப்படாமல் பிடித்தது. இளையராஜா பல இடங்களில் வாத்தியத்தையே கீழே வைத்துவிட்டார்.

விஜயன் நடித்த சுந்தரவடிவேலுதான் என்னைப் பயமுறுத்தியவன். பார்த்திபனைப் போல எங்கள் ஊரில் யாரும் இல்லை, கத்தியும் அரண்மனையும் யாரிடம் இருந்தது? ஆனால் வெள்ளை வேட்டியில், குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் ஒருத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறவனை எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே இருந்தான். அவனுக்குத் தினமும் வணக்கம் வைத்திருக்கிறேன். தியேட்டரில் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், அது எனக்காகவா அவளுக்காகவா என்று இன்றும் சொல்லத் தெரியாது.

ஆற்றுக் காட்சியில் யாரும் விசிலடிக்கவில்லை. "தள்ளு" என்று ஒரு குரலும் எழவில்லை. லட்சுமியின் தங்கைக்கு அவன் செய்த கொடுமையைப் பார்த்துப் பல்லைக் கடித்த அதே கூட்டம்தான். தண்ணீரில் இறங்குமுன், இத்தனை நாள் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்கிற பொருளில் ஊரைப் பார்த்து அவன் பேசுகிறான். மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு ஆறு, கரையில் அவனுடைய இரண்டு பிள்ளைகள்.

எது பெரிய படம் என்று கேட்டால் 'உதிரிப்பூக்கள்' என்றுதான் சொல்வேன், தயக்கமே இல்லை. ஆனால் பெண்கள் அத்தனை பேர் ஒரே குரலில் தங்களுக்காகக் கத்தியதை எனக்குக் காட்டியது மற்றதுதான். அந்த இருட்டில் கத்தியவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு சுந்தரவடிவேலு இருந்தான் என்பதை, ஆற்றங்கரையைப் பார்த்த பிறகே நான் யோசித்தேன்.

சேலத்திலிருந்து திரும்பிய ராத்திரி, வாசல் கட்டிலில் அம்மாயிக்குக் கதை முழுவதும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறக்கியதைச் சொன்னதும், "வேணும்டா" என்பாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. வெற்றிலையை மடித்தபடியே இருந்தாள்.

"அந்தப் புள்ளைங்க ரெண்டையும் அப்பறம் யாரு கண்ணு பாத்துக்கிட்டாங்க?"

"படத்துல அது இல்ல அம்மாயி."

மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் திரும்பவும் அதையே கேட்டாள்.