எமன் மேசைக்கு வந்த கதை

யமன் என்று எழுதினாலும் வாயில் வருவது எமன்தான். தொல்காப்பிய விதிப்படி சொல்லின் முதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும். யானை, யாழ், யாறு சரி. குறிலில் தொடங்கும் வடசொல்லானால் உருமாறித்தான் உள்ளே வர வேண்டும். (யவனர் மட்டும் சங்கப் பாட்டிலேயே விதியை மீறி நுழைந்துவிட்டார்கள்.) யந்திரம் எந்திரமானது, யமன் எமனானான். அந்த வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஆள் இருந்தான்: கூற்றம், கூற்றுவன். உடலையும் உயிரையும் கூறுபடுத்துகிறவன். வந்தவன் இருந்தவனை விரட்டவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளோடு ஒட்டிக்கொண்டன.

வடமொழியில் 'யம' என்றால் இரட்டை. 'அடக்குகிறவன்' என்று பொருள் சொல்வாரும் உண்டு. ஆனால் ரிக்வேதத்தில் அவனுக்கு யமி என்று ஒரு உடன்பிறந்தாள் இருக்கிறாள். எனக்கு இரட்டையே பொருந்துகிறது. அங்கே அவன் தண்டிப்பவன் அல்ல. முதன்முதலில் செத்தவன், பின்னால் வருகிறவர்களுக்கு வழி கண்டவன், இலை அடர்ந்த மரத்தடியில் தேவர்களோடு குடித்திருப்பவன். எண்ணெய்க் கொப்பரையெல்லாம் பிந்திய சேர்க்கை. பாரசீகக் கிளையில் இதே பெயர் 'யிம'. அவன்தான் பாரசீகக் காப்பியமான ஷாநாமாவின் ஜம்ஷீத். நரகத்தின் பக்கம் போகாமல் பூமியிலேயே அரசாண்டு, கடைசியில் ரம்பத்தால் இரண்டாக அறுபட்டுச் சாகிறான். சீன நரகப் படங்களில் பாவிகளுக்கு நடப்பது அதுவேதான்.

அந்தச் சீனத்துக்குப் பெயரைக் கொண்டுபோனது பௌத்தம். திபெத்தியர் பொருளைப் பெயர்த்து 'ஷின்ஜே', இறந்தோரின் தலைவன், என்றார்கள். சீனர் ஒலியைப் பெயர்த்தார்கள். யமராஜன் 'யென்மோ லுவோஷெ' ஆனான். வாயில் தேய்ந்து நடுவும் கடைசியும் உதிர, மிஞ்சியது யென்லுவோ. இதில் 'லுவோ' என்பது ராஜனின் 'ரா'. அது மறந்துபோகவே, அரசனைக் குறிக்கும் 'வாங்' என்ற சொந்தச் சொல்லையும் பின்னால் சேர்த்து யென்லுவோ வாங் என்றார்கள். நாம் 'நடுசென்டர்' என்பதுபோல, அங்கே அரசன் இரண்டு தடவை.

பெயரைவிட ஆள் அதிகம் மாறினான். நம் கோயில்களில் எமன் தென்திசைக் காவலனாக எருமைமேல் இருப்பான்; இல்லையென்றால் திருக்கடையூர்க் கதைப்படி சிவனிடம் உதைபட்டுக் கீழே கிடப்பான். சீனத்தில் எருமை போய் மேசை வந்தது. துன்ஹுவாங் குகையில் கிடைத்த, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பத்து அரசர் சூத்திர'ச் சுருள்களில் மறுமை என்பது பத்து நீதிமன்றம். செத்தவர் ஏழு நாளைக்கு ஒன்றாக 49 நாளில் ஏழு வாசல் ஏறி, பிறகு 100-ஆம் நாளிலும் ஓராண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் மற்ற மூன்றுக்கும் போக வேண்டும். யென்லுவோ ஐந்தாமவன், அவனுடையது 35-ஆம் நாள். முன்பு முதல் நீதிமன்றத்தில் இருந்தானாம். அநியாயமாகச் செத்தவர்களைப் பாவம் பார்த்துத் திருப்பி அனுப்பியதால் கீழே இறக்கிவிட்டார்களாம். இடமாற்றம் நம்மூர் அதிகாரிகளுக்கு மட்டும் வருவதல்ல.

நிங்போ துறைமுகத்து ஓவியர் ஜின் சூஷி 1195-க்கு முன் பட்டில் தீட்டிய பத்து அரசர் படங்களில் சில நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் சில பாஸ்டனிலும் இருக்கின்றன. அரசர்கள் சீன அதிகாரியின் உடையில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தடுப்புத் திரை. அதில் மலையும் நீருமாக அமைதியான ஓர் ஓவியம். பக்கத்தில் எழுத்தர்கள். கீழ்ப்பாதியில் ரத்தம். பல்லைக் கடிக்கிற எமனைவிட, கோப்புப் பார்க்கிற இந்த எமனிடம்தான் எனக்குப் பயம் அதிகம். எருமைக்காரனிடம் கெஞ்சிப் பார்க்கலாம். கையெழுத்து விழுந்த கோப்பிடம் என்ன கெஞ்சுவது?

நிங்போப் படங்கள் கப்பலேறி ஜப்பான் போயின. அங்கே பெயர் எம்மா. நம் காதுக்கு வலியில் கத்துவதுபோலக் கேட்கும். பொய் சொன்னால் எம்மா நாக்கைப் பிடுங்கிவிடுவார் என்று பிள்ளைகளை மிரட்டுவார்கள். முகம் அவரைப்போல இருப்பதாகச் சொல்லி ஒரு வகைச் சில்வண்டுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

தெற்கே, டைகர் பாம் விற்றுப் பணம் குவித்த ஆவ் பூன் ஹாவ் 1937-இல் சிங்கப்பூரில் கட்டிய ஹாவ் பார் வில்லாவில் பத்து நீதிமன்றங்களும் பொம்மைகளாக நிற்கின்றன. ஐந்தாவதில் யென்லுவோ. எமன் என்று சொல்கிற தமிழரும் அவனை யென்லுவோ என்கிற சீனரும் ஒன்றாக வாழ்கிற ஊர் அது. வாசலில் மாட்டுத்தலையோடு ஒருவன், குதிரைத்தலையோடு ஒருவன் என்று இரண்டு காவலர். மாட்டுத்தலையைப் பார்த்ததும் எருமை திரும்பிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நினைக்கக் கூடாது. அவன் வாகனமல்ல, சேவகன். அவனுக்குப் பெயரும் வேறு, கதையும் வேறு.