கடற்கரைப் பொதுமை: புகார் முதல் சென்னை வரை

முன்னுரை

கடற்கரை நகரில் வாழ்வார்க்கு வாய்க்கும் இன்பங்களுட் பெரும்பாலன விலை கொடுத்துப் பெறுவன அல்ல. மணலில் அமர்தல், அலையில் நனைதல், விழாக் காண்டல், கூத்தும் பாட்டும் கேட்டல், பலர் கூடிய அவையில் நின்று உரை கேட்டல் ஆகிய இவை வாயிலும் காவலும் கட்டணமும் இன்றி எல்லார்க்கும் உரியனவாய் விளங்குகின்றன. இவ்வுரிமையை இயற்கையின் கொடை என்றே பலரும் எண்ணுவர். கடலும் காற்றும் இயற்கையின் கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கரை எல்லார்க்கும் பொது என்பது மக்கள் வகுத்துக்கொண்ட முறைமையே. அம்முறைமை பேணப்பட்ட காலத்து நிலைத்தது. மறக்கப்பட்ட காலத்துக் குன்றியது. பண்டைப் புகார் நகரையும் இற்றைச் சென்னை நகரையும் எடுத்துக்கொண்டு, கடற்கரைப் பொதுமை எவற்றைச் சார்ந்து நின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டினப்பாலை காட்டும் கரை

கரிகாற் பெருவளத்தானைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளால் இயன்றது. அதன்கண் புகாரின் துறைமுகமும் சுங்கமும் பண்டசாலையும் விரிவாகப் பேசப்படுகின்றன. எனினும், வணிகப் பெருமையைக் கூறுவதற்கு முன்னரே கரையில் வாழும் பரதவரின் ஓய்வுநாளைப் புலவர் பாடிவிடுகின்றார் என்பது உற்று நோக்கத்தக்கது. முழுமதி நாளில் அவர்கள் மீன்வேட்டைக்குச் செல்வதில்லை. சுறாமீனின் கொம்பை நட்டுத் தம் தெய்வத்தை வழிபடுகின்றனர். தாழை மலர் சூடிக் கள்ளுண்டு ஆடுகின்றனர். கடலில் ஆடியபின், உடலிற் படிந்த உப்பு நீங்க ஆற்று நீரில் மூழ்குகின்றனர். நண்டுகளை ஓட்டியும், அலைகளை மிதித்து உழக்கியும், மணலிற் பாவை செய்தும் பகலெல்லாம் களிக்கின்றனர்.

இவ்விளையாட்டுகளுள் ஒன்றேனும் பொருட்செலவு உடையதன்று. இன்றும் சென்னைக் கடற்கரையில் மாலைப்போதிற் சிறுவர் ஆடும் ஆட்டங்கள் இவையே என்பதைக் காண்பார் அறிவர். இங்கு நாம் மனங்கொள வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. கரையின் இன்பத்தை முதற்கண் நுகர்ந்தவர் அதனைக் காணவந்த விருந்தினர் அல்லர்; அக்கரையிலேயே உழைத்து வாழ்ந்த மக்களாவர். உழைப்புக்களமும் விளையாட்டுக்களமும் அவர்க்கு ஒன்றாகவே இருந்தன.

சிலம்பும் மேகலையும்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இக்கரை நகர மக்கள் அனைவரும் கூடும் இடமாக விரிகின்றது. இந்திர விழாவின் நிறைவில் மாதவி கடலாட்டுக் காண விழைகின்றாள். கோவலன் அத்திரி ஊர்ந்தும் மாதவி வையம் ஏறியும் செல்கின்றனர். கரையில் அரசிளங்குமரரும் வணிகர் மக்களும் ஆடல் மகளிரும் பாடல் மகளிரும் தத்தம் திரைகளை வகுத்துத் தங்கியுள்ளனர். அக்கூட்டத்திற்கு இளங்கோவடிகள் காட்டும் உவமை, கரிகாலன் காலத்துக் காவிரிப் புதுப்புனல் விழாவிற் கூடிய கூட்டமாகும்.

அவ்விரவில் கரையெங்கும் எரிந்த விளக்குகளை அடிகள் வகுத்துரைக்கும் திறம் பெரிதும் பாராட்டத்தக்கது. சாந்தும் மலரும் சுண்ணமும் விற்போர், பணியாரம் செய்வோர், கைத்தொழில் வல்லோர், மீன் விற்போர், வலை வீசும் பரதவர், மொழி வேறுபட்ட அயல்நாட்டார், பண்டங் காக்கும் காவலர் ஆகிய ஒவ்வொருவரும் தத்தம் விளக்கினை ஏற்றியிருந்தனர். கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கமும் எரிந்தது. மணலில் விழுந்த வெண்சிறுகடுகும் புலப்படும் அளவிற்கு ஒளி மிகுந்ததாம். இவ்வொளி அரசன் ஒருவன் ஏற்றிய ஒளியன்று. பல தொழிலாளரின் சிறு விளக்குகள் சேர்ந்து பெருகிய ஒளியாகும். செல்வர்தம் திரைகளும் சிறு வணிகர்தம் விளக்குகளும் அடுத்தடுத்து நின்றமையே அக்கரையின் பொதுமைக்குச் சான்று என்க.

மணிமேகலையின் விழாவறை காதையோ அப்பொதுமை ஆணையால் அமைந்ததென்று காட்டுகின்றது. 28 நாள் நடைபெறும் இந்திர விழாவினை யானைமேல் முரசேற்றி வள்ளுவன் அறிவிக்கின்றான். வீதிகளை அணிசெய்யுமாறு கூறுகின்றான். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறித் தம் பொருளை உரைக்கலாம் என்கின்றான். பகைவரோடு நேர்பட்டாலும் பூசல் செய்யாது அகல்க என்கின்றான். வெண்மணற் குன்றும் பூஞ்சோலையும் ஆற்றிடைக்குறையும் நீர்த்துறையும் அந்நாட்களில் தேவரும் மக்களும் ஒருங்கு உலாவும் இடங்களாகக் கூறப்படுகின்றன. காட்சி, கலை, கருத்துரை, அமைதி ஆகிய நான்கும் ஓர் அறிவிப்பிலேயே அடங்கியிருத்தல் வியத்தற்குரியது.

அந்நகரின் முடிவும் அக்காப்பியத்திலேயே கூறப்படுகின்றது. மகனை இழந்த சோழன் நெடுமுடிக்கிள்ளி கடற்கரையெங்கும் அவனைத் தேடித் திரிந்தான். விழா எடுத்தலை மறந்தான். நகரைக் கடல் கொண்டது. இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், தனி ஒருவனது துயர் எத்துணைப் பெரிதாயினும் அதன்பொருட்டுப் பொதுவிழா கைவிடப்படின் ஊர் அழியும் என்று சாத்தனார் கருதினார் என்பது தெளிவு.

மயிலாப்பூரின் கடலாட்டு

புகாரின் மரபு சென்னைக் கரையிலும் தொன்றுதொட்டு நிலவியது என்பதற்குத் திருஞானசம்பந்தர் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம் சான்றாகும். கி.பி. ஏழாம் நூற்றாண்டினதாகிய அப்பதிகம், மயிலையின் விழாக்களை வரிசைப்படுத்துகின்றது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் என்னும் இவற்றை அடுத்து மாசித் திங்களின் கடலாட்டும் பங்குனி உத்திரமும் இடம்பெறுகின்றன. ஆங்கிலேயர் 1639-ஆம் ஆண்டில் இக்கரையில் இடம் பெறுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இங்குக் கடலாட்டு ஊர்விழாவாக நிகழ்ந்தமை இதனாற் புலனாகும்.

பழைய கபாலீச்சரம் கடலை அடுத்திருந்தது என்பர். சாந்தோம் தேவாலயப் பகுதியிற் கிடைத்த கோயிற் கல்வெட்டுத் துண்டுகள் அக்கருத்திற்கு அரண் செய்கின்றன. கோயில் இடம் மாறினும் விழாக்கள் மறையவில்லை. மாசி மகத்தன்று திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி முதலிய தெய்வத் திருமேனிகள் தீர்த்தவாரிக்காக இன்றும் கடற்கரைக்கு எழுந்தருள்கின்றன. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலாவரும் நாளன்று மாடவீதிகளில் நீர்மோரும் உணவும் வழங்கப்படுகின்றன. வந்தவர் எவ்வூரார், எக்குலத்தார் என்று வினவுவார் இல்லை. மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வீதிப் பசனையும் இவ்வகையினதே. இசைமன்றங்களில் நுழைவுச்சீட்டுப் பெற இயலாதாரும் அவரது இசையைத் தெருவிலே நின்று கேட்டனர்.

மணல் பெருகிய வரலாறு

சென்னையின் அகன்ற மணற்பரப்பு பழமையானதன்று என்பது பலர் அறியாத செய்தி. முற்காலத்திற் கோட்டை மதிலுக்கு அணித்தாகவே அலைகள் வீசின. செயற்கைத் துறைமுகத்தின் பணி 1875-ஆம் ஆண்டளவில் தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயலில் அதன் சுவர்கள் சிதைந்தன. பின்னர் மீண்டும் கட்டப்பெற்றன. இக்கரையில் கடல்நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கொண்டுசெல்லும் இயல்பினது. துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தமையால், தெற்கே மணல் ஆண்டுதோறும் குவிந்தது. இன்று கோட்டைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவிற்கு விரிந்து கிடக்கும் மணல் இவ்வாறு சேர்ந்ததே.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்டு டப்பு இக்கரையோரம் உலாவுசாலை அமைத்து, சிசிலித் தீவின் நினைவாக அதற்கு மெரீனா எனப் பெயரிட்டார். உலாவுதற்கு ஆளுநர் வழி வகுத்தார். மணலைத் தந்ததோ துறைமுகம். இருவரும் எண்ணாத வகையில் நகர மாந்தர்க்குப் பெருமன்றம் ஒன்று கிடைத்தது.

ஒரு பக்கத்திற் குவிந்த மணல் மறுபக்கத்திற்கு உரியதாக இருந்தது என்பதையும் மறத்தலாகாது. துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம் முதலாகக் கடல் கரையை அரித்தது. அங்குக் குடிசைகளும் தெருக்களும் அழிந்தன. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. தென்சென்னையார் விலையின்றி நுகரும் மணலின் விலையை வடசென்னைக் கடலோர மக்கள் செலுத்தினர் என்று கூறுதல் மிகையன்று.

மன்றமாகிய மணல்

பட்டிமண்டபம் ஏறுமின் என்று புகாரில் அறையப்பட்ட முரசொலி, இருபதாம் நூற்றாண்டில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் வேறு வடிவில் ஒலித்தது. 1907-ஆம் ஆண்டில் விபின் சந்திர பாலர் இங்கு ஆற்றிய உரைகள் சுதேசிய உணர்ச்சியை எழுப்பின. அக்காலக் கூட்டங்களிற் பாரதியார் பாடினார். கூட்டம் நிகழ்ந்த இடம் திலகர் கட்டம் எனப் பெயர் பெற்றது. 1919-ஆம் ஆண்டில் காந்தியடிகள் இக்கரையில் உரையாற்றினார். 1938-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்பு இயக்கத்தின் பெருங்கூட்டமும் இங்கு நிகழ்ந்தது. அரங்கிற்கு வாடகை இல்லை. கேட்போர்க்குக் கட்டணம் இல்லை. ஏழை இயக்கங்களும் பெருங்கூட்டம் கூட்ட முடிந்தமைக்கு இதுவே காரணம்.

1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் தொழிலாளர் நாளைச் சென்னையிற் கொண்டாடினார். அன்று நடந்த இரு கூட்டங்களுள் ஒன்று இக்கரையிலே கூடிற்று. அவர் அயோத்திக்குப்பத்து மீனவர் குடியிற் பிறந்தவர். பாறையைப் பெயர்க்க முயலும் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலையைத் தேவி பிரசாத் இராய் சவுத்திரி வடித்தார். அது 1959-ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்டது. 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கம்பர், வீரமாமுனிவர், போப்பு, கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன் முதலியோர் சிலைகள் எழுந்தன. கண்ணகியும் அவர்களுடன் நின்றாள். 2001-ஆம் ஆண்டின் இறுதியில் அச்சிலை அகற்றப்பட்டமையும், 2006-ஆம் ஆண்டில் மீண்டும் நிறுவப்பட்டமையும், பொதுவிடத்து நிற்கும் கல்லும் பொதுமக்களின் உணர்ச்சிக்கு உரியது என்பதைக் காட்டின.

2017-ஆம் ஆண்டு சனவரியில் ஏறுதழுவலின் பொருட்டு இளைஞர் பல்லாயிரவர் இக்கரையிற் பல நாள் தங்கினர். அதன் பின்னர்ப் போராட்டக் கூட்டங்களுக்கு அரசு இசைவு தரவில்லை. 2018-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற ஆயமும் அந்நிலையை ஏற்றது. கலைகளுக்கோ புதிய வாயில் திறந்தது. 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை சங்கமம், பறையும் கரகமும் தெருக்கூத்தும் ஆடும் ஊர்ப்புறக் கலைஞரைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொணர்ந்தது; இடையில் நின்று, 2023-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கிற்று. காண்பதற்குக் கட்டணம் இல்லை. கலைஞர்க்கு ஊதியத்தை அரசு அளிக்கின்றது. காண்பார்க்கு விலையின்மை, ஆடுவார்க்குக் கூலியின்மை ஆகிவிடலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

கரைக்குரியோர்

இனி, பட்டினப்பாலை முதலிற் காட்டிய மக்களின் நிலையை நோக்குவோம். நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்திக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர், உலாவுசாலை அமைவதற்கு முன்னரே இக்கரையில் வாழ்ந்தவர். 1985-ஆம் ஆண்டில், கரையை அழகுபடுத்தும் பொருட்டு அவர்தம் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. அவர்கள் எதிர்த்தனர், துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது, உயிர்கள் மடிந்தன. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையிலும் இக்குப்பங்கள் பெருந்துயர் உற்றன. 2023-ஆம் ஆண்டிற் சாலையோர மீன்கடைகளை அகற்றும் முயற்சி மீண்டும் பூசலை விளைத்தது; 2024-ஆம் ஆண்டில் நொச்சிக்குப்பத்தில் அவர்க்கெனப் புதிய மீனங்காடி திறக்கப்பட்டது.

கட்டுமரம் அழகைக் கெடுக்கும் பொருள் என்னும் எண்ணம் நம் இலக்கிய மரபிற்கு முற்றும் புறம்பானது. நெய்தல் திணையிற் கடலும் மணலும் முதற்பொருளைச் சார்ந்தவை. பரதவரும் வலையும் மீனும் கருப்பொருள்கள். கருப்பொருளை நீக்கிவிட்டால் நெய்தல் இல்லை; எஞ்சுவது வெறும் காட்சியே. மீன் விற்போர் விளக்கையும் இளங்கோவடிகள் அணைத்துவிடாது வரிசையிற் சேர்த்தமையின் பொருள் இதுவே எனத் துணியலாம்.

அன்றியும், வர இயலாதார்க்கு வழி செய்தலும் பொதுமையின் கூறாகும். நடக்க இயலாதார் சக்கர நாற்காலியில் அலையருகே செல்வதற்கு 2022-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கு மரப்பாதை அமைக்கப்பட்டது. அடுத்த திங்களே புயலில் அது சிதைந்தது, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. கரையைக் கண்டும் கடலைத் தீண்டாது இருந்தோர் பலர்க்கு அப்பாதை வாய்த்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன மூன்று. கடற்கரையின் விலையில்லா இன்பம் தமிழகத்திற் புதுவதன்று. புகாரிலும் மயிலையிலும் அது விழாவாக வளர்ந்து, சென்னையில் மன்றமாகவும் மலர்ந்தது. அது தானே நிலைப்பதன்று. முரசறைந்து காப்பாரும் தெருவிற் பாடுவாரும் இருந்தவரை நிலைத்தது. ஒருவர்க்கு விலையின்றிக் கிடைப்பதன் விலையை வேறொருவர் செலுத்துதல் உண்டாதலின், செலுத்துவார் யார் என வினவுதல் கற்றார் கடன்.

கடற்கரை எத்துணைத் தூய்மையாக உள்ளது, எத்துணை அணிபெற்றுள்ளது என்று அளப்பது வேண்டற்பாலதே. அதனோடு, அங்கு மாலையில் எத்தனை வகையினர் விளக்கேற்றி அமர்ந்துள்ளனர் என்றும் எண்ணுதல் வேண்டும். வலை உலர்த்துவோர்க்கும் கூத்தாடுவோர்க்கும் கருத்துரைப்போர்க்கும் உலாவ வருவோர்க்கும் ஒருங்கே இடமிருக்கும் வரையில்தான் அக்கரை பொது எனப்படும்.